கடற்கரை முகாமுக்குப் போன பம்ப் ஸ்டவ்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை வரிசையாகப் பதித்த வெள்ளைக் கற்கள். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கேட்டில் தொடங்கிச் சவுக்குத் தோப்புக்குள் வளைந்து போய் மறைந்தன. சவுக்கு மரங்களுக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு, அதற்குக் கீழே ஒரு முழம் காவி. கொடிக்கம்பத்தின் அடிக்கல், குழாயடி மேடை, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகள் என்று அசையாமல் நின்ற எதுவும் சாயத்துக்குத் தப்பவில்லை. கடல் தோப்புக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் தெரியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதம். நாங்கள் ஐந்து பேர் மிலிட்டரி லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினோம். அப்பா, அம்மா, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த அண்ணன், அண்ணனின் மனைவியான மதினி, நான். முந்தின நாள் சங்கரன்கோவிலில் ரயிலேறி, செங்கோட்டைக் குகைகளைத் தாண்டி, கொல்லம் ஸ்டேஷன் பெஞ்சிலேயே படுத்து எழுந்து வந்திருந்தோம். ஜவான்களின் குடும்பங்கள் தங்குவதற்காக ராணுவம் நடத்திய விடுமுறை முகாம் அது. பக்கத்து ஊர் நாலு மைல் தள்ளி இருந்தது. அண்ணன் விண்ணப்பித்து இரண்டு வருஷம் காத்திருந்து ஐந்து நாள் வாங்கியிருந்தான்.

கேட்டில் நின்ற சிப்பாய் அண்ணனைப் பார்த்ததும் குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்று, "ராம் ராம், உஸ்தாத்" என்றான். சல்யூட் அதிகாரிகளுக்கு மட்டும்தான் என்று அண்ணன் பிறகு சொன்னான். அப்பாவுக்கு அந்த விறைப்பே போதுமாக இருந்தது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் எல்லாருக்கும் எழுந்து நின்றவர் அவர். வேட்டியை இறக்கிவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு சாமான்களை இறக்கினோம். பதினோரு உருப்படி.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வெளியூர் போய்த் தங்குவது என்றால் அது குற்றாலம்தான். சீசனுக்கு வீடு எடுத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பொங்கித் தின்றுவிட்டு வருவது. அடுப்பிலிருந்து அப்பளம் வரை வீட்டிலிருந்து போகும். 'சாப்பாடு மெஸ்ஸில்' என்று அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்ததை அப்பா இரண்டு தடவை வாசித்துக் காட்டியும் அம்மாவுக்கு அது ஒரு தகவலாகவே படவில்லை. அரிசி, பருப்பு, இட்லிச் சட்டி, ஊறுகாய் ஜாடி, மண்ணெண்ணெய் டின், பித்தளைப் பம்ப் ஸ்டவ். சின்ன அம்மி ஒன்றையும் எடுத்து வைத்திருந்தாள். அதை அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

சிப்பாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே மண். விரலால் தொட்டு, முகர்ந்து, அண்ணனைப் பார்த்தான்.

"புத்து மண்ணு. கோமதியம்மன் சந்நிதியில எடுத்தது. தேள், பூரான் கடிச்சா பூசுததுக்கு. சொல்லுலே அவன்கிட்ட" என்றாள் அம்மா.

அண்ணன் இந்தியில் என்னவோ சொன்னான். சிப்பாய் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி அந்த மண்ணால் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு பொட்டலத்தை மடித்துக் கொடுத்தான். ஸ்டவ் சாக்குக்குள் இருந்தது. சாக்கை அவன் அவிழ்க்கவில்லை.

நான் அப்போது மதுரையில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து எட்டு மாதம். எதைப் பார்த்தாலும் நேரமும் எண்ணிக்கையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒட்டியிருந்தது. அந்த ஐந்து நாளும் ஒரு சின்ன நோட்டில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தில் கடல் ஒரு சாக்கு. உண்மையான விஷயம் அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்த ஒரு படிவமாக இருந்தது. அண்ணனுக்கு ஜபல்பூரில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முறை வந்திருந்தது. மனைவியை அழைத்து வருகிறேன் என்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் ஜூன் மாதத்திலிருந்து வீடு. கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று லீவுதான். அண்ணன் படிவத்தை அப்பாவிடம் கொடுத்து முடிவையும் அவரிடமே விட்டுவிட்டான். மதினியும் போக வேண்டும் என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் ரயில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"இவ திருவேங்கடத்துக் கரிசக்காட்டுப் பிள்ள. சங்கரன்கோவில் சந்தைக்கே நாந்தான் கூட்டிட்டுப் போவேன். பாசை தெரியாத ஊர்ல, இவன் டூட்டிக்குப் போயிட்டா அங்கன ஒத்தையில என்ன செய்வா? பாலுக்காரன்கிட்ட என்ன பேசுவா?"

"பாப்போம்" என்றார் அப்பா. அவர் எல்லாப் படிவத்துக்கும் முதலில் சொல்லும் பதில் அதுதான்.

எங்களுக்கு எட்டாம் நம்பர் வீடு. பன்னிரண்டு வீடுகளும் ஒரே அச்சு. இரண்டு அறை, ஒரு வராந்தா, வராந்தாவிலிருந்து நாற்பது அடியில் கடல். மதினி கடல் பார்ப்பது அதுவே முதல் தடவை. கரையில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாள். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து உடனே துப்பினாள்.

"இம்புட்டுத் தண்ணி கெடந்து என்ன தம்பி, ஒரு செம்பு குடிக்க ஆகாது போலியே" என்றாள் என்னிடம். அப்புறம் வீட்டுப் பின்பக்கம் போய் அங்கே நிறுத்தியிருந்த இரும்பு டிரம்மைப் பார்த்தாள். நல்ல தண்ணீர் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டிரம். காலை ஏழு மணிக்கு டாங்கர் வந்து நிரப்பும், மறுநாள் வரை வராது. மதினி ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்துக் குச்சியில் நகத்தால் மூன்று கீறல் போட்டாள். குளிக்க இதுவரை, துவைக்க இதுவரை, குடிக்க இதுவரை. அப்பா பதினாலு விதிகள் எழுதிய பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது விதி, வீட்டுக்குள் தீ மூட்டக்கூடாது.

மெஸ்ஸில் பன்னிரண்டரைக்கு மணி அடித்தார்கள். நீளமான பெஞ்சு. ஒரு பாத்திரத்தில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஆட்டுக்கறி. அம்மா கறிப் பாத்திரத்தில் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். பருப்பில் கிடந்த கரண்டியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. எங்கள் வீடு சைவம்.

"எனக்குப் பசியில்ல" என்றாள்.

"அம்மா, கரண்டி வேற வேறதான்" என்றான் அண்ணன்.

"இப்ப வேற. கழுவி வைக்கும்போது ஒண்ணாத்தானே கெடக்கும்?"

அன்றைக்கு முழுதும் அவளுக்கு வாழைப்பழமும் மோரும். அடுத்த நாளும் அதுவே. இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவைப் பார்த்துவிட்டு அண்ணனும் சாப்பிடாமல் எழுந்தான். அவன் எழுந்ததால் மதினியும் எழுந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது ஐம்பது. அண்ணன் வாலிபால் ஆடப் போயிருந்தான். அம்மா பின்னறை ஜன்னலைச் சாத்தி, ஸ்டவ்வைச் சாக்கிலிருந்து எடுத்து, பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். பம்ப் ஸ்டவ் எரிகிற சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்கும். எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேருமே எழுந்து போய்த் தடுக்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்த அம்மாவிடம் விதியை வாசிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

பருப்பு பாதி வெந்திருக்கும். வாசலில் பூட்ஸ் சத்தம். முகாமின் அன்றாடப் பொறுப்பில் இருந்த சுபேதார், மலையாளி, நரைத்த மீசை, கையில் பிரம்பு. தமிழ் நன்றாகப் பேசுவார். உள்ளே வந்தார், ஸ்டவ்வின் காற்றைத் திறந்து அணைத்தார், ஆறும் வரை காத்திருந்து எடுத்துக்கொண்டார். பையிலிருந்து நோட்டை எடுத்து அண்ணனின் நம்பரையும் பெயரையும் யூனிட்டையும் எழுதினார்.

"இது யூனிட்டுக்குப் போகும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அப்பா முகம் கறுத்துவிட்டது. ஒரு ஆளைப் பற்றி ஒரு வரி ஃபைலில் ஏறினால் அது என்ன செய்யும் என்று அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "குவார்ட்டர்ஸ் போச்சு" என்றார் மெதுவாக.

"தீ மூட்டக்கூடாதுன்னுதானே போட்டிருக்கான். ஸ்டவ்வுன்னா போட்டிருக்கான்?" என்றாள் அம்மா. குரலில் பழைய வேகம் இல்லை.

மதினி பருப்புப் பாத்திரத்தைத் துணியால் பிடித்து எடுத்தாள். "தம்பி, அந்த அரிசியக் கொண்டாங்க" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெள்ளைக் கற்களின் ஓரமாக மெஸ்ஸின் சமையல்கட்டை நோக்கி நடந்தாள். இருநூற்றுப் பத்து அடி. நான் பின்னாலேயே போனேன்.

சமையல்காரர் வடக்கே மலைநாட்டுக்காரர். இருபது வருஷ சர்வீஸ். ஆறடி உயரம், தோளில் துண்டு. கொதிக்கிற பாத்திரத்தோடு ஒரு பெண் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார். கையில் கறி மசாலா. மதினி ஒரு அடி பின்வாங்கி உரக்கச் சொன்னாள்:

"சாவ்தான்!"

அவர் அப்படியே நின்றார். குதிகால் சேர்ந்தது, கைகள் தொடையோடு ஒட்டின, தாடை நிமிர்ந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

மதினிக்கே அது பயமாகப் போயிருக்க வேண்டும். உடனே "விஷ்ராம், விஷ்ராம்" என்றாள்.

மூன்று பேரும் காலை அகட்டி நின்றார்கள். பிறகு சமையல்காரர் சிரிக்க ஆரம்பித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மதினி அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பிறகு ஓரமாகச் சும்மா கிடந்த அடுப்பைக் காட்டி, "பாயி, ஆக் தோ. தால், சாவல். மாதாஜி, தோ தின், கானா நஹி" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். பருப்புக்கும் சோற்றுக்கும் நெருப்பு கேட்கிறாள், இரண்டு நாளாக அம்மா சாப்பிடவில்லை என்கிறாள் என்பது எனக்கே விளங்கியது.

நான் அரிசியைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் வீட்டில் மதினி இந்தி பேசி யாரும் கேட்டதில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அண்ணனின் இன்லண்ட் கடிதம் அப்பா பெயருக்குத்தான் வரும். அப்பா எல்லாருக்கும் வாசிப்பார். கடைசி மடிப்பை மட்டும் வாசிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு மதினியிடம் நீட்டுவார். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மடிப்பில் ஒவ்வொரு தடவையும் ஐந்து இந்திச் சொற்களும் அவற்றின் தமிழ் அர்த்தமும் இருந்திருக்கின்றன. தண்ணீர், உப்பு, பால் என்று தொடங்கிய அண்ணன், வீட்டுச் சொற்கள் தீர்ந்ததும் சாவ்தான், விஷ்ராம் என்று தனக்கு நன்றாகத் தெரிந்த பரேடு சொற்களுக்குப் போய்விட்டான். மதினி அவற்றையும் விடாமல் படித்திருந்தாள்.

"யார் இங்கே பரேடு எடுக்கிறது?"

சுபேதார் வாசலில் நின்றார். கையில் எங்கள் ஸ்டவ்.

"நாந்தான் சார்" என்றாள் மதினி. "தப்பு எங்க மேலதான். எங்க வீட்டுக்காரவுகளுக்கு இது தெரியாது, அவுக பந்தடிக்கப் போயிட்டாவ. அத்தை ரெண்டு நாளாப் பழமும் மோருமாத்தான் இருக்காவ. கரண்டி மாறிருமோன்னு பயப்படுதாவ. அந்த அடுப்ப ஒரு மணி நேரம் குடுத்தியன்னா நானே பொங்கி, நானே கழுவி வச்சிட்டுப் போயிருவேன். வேணும்னா இந்த அண்ணனுக்கு வெங்காயம் அரிஞ்சு தாரேன்."

"போர்டு பார்த்தீங்களா?"

"மாமா வாசிச்சுக் காட்டினாவ. ஒம்பதாவது."

"பிறகு?"

"அத்தை ஸ்டவ்வத் தீயில சேக்கல சார்."

சுபேதாரின் மீசை அசைந்தது. "ரிப்போர்ட் எழுதியாச்சு. அது வேற. அடுப்பு வேற" என்றார். சமையல்காரரிடம் இந்தியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்டவ்வோடு போய்விட்டார்.

அன்று பதினொன்றே காலுக்கு அம்மா பருப்புஞ்சாதம் சாப்பிட்டாள். யார் எங்கே எப்படிப் பொங்கியது என்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் கேட்டாள். சொன்னதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினாள். சமையல்கட்டில் ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். சமையல்காரர் அவளுக்கு முன்னால் ஒரு கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெளுக்கக் கழுவி, தனியாக ஆணியில் மாட்டினார்.

திரும்பி வரும்போது, "அந்த உசரமான ஆளு நல்லவன்தான். கழுவத் தெரிஞ்சிருக்கு" என்றாள். நான்காம் நாள் அவர் சுட்ட சப்பாத்தியில் மூன்று தின்றாள். மதினி அவருக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்தாள். அவர் ஒரு சொல் சொல்ல, இவள் ஒரு சொல் சொல்ல, பேச்சு எப்படியோ நடந்தது. அவருக்கு ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்பது வரை மதினிக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் மதினியைத் திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. "சாவ்தான்னா சொன்ன?" என்று கேட்டான். "வேற எதுவும் சட்டுனு வரல" என்றாள் அவள். அவன் எழுந்து கடல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் சுபேதார் நோட்டில் எழுதியது நோட்டில் இருந்தது. அப்பா மீதி நாளெல்லாம் கடலைப் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். கண்ணாடிக் கூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணி. ஆபீஸ் அறையில் சாவியை ஒப்படைத்தோம். சுபேதார் மேஜை மேல் ஸ்டவ்வை வைத்து, பெரிய பதிவேட்டைத் திருப்பி அப்பா பக்கம் தள்ளினார். "பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்க. வாசிச்சிட்டுப் போடுங்க."

அப்பா வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. முதல் வரி: விதி ஒன்பது மீறப்பட்டது, ஸ்டவ் ஒன்று கைப்பற்றப்பட்டது. அதற்குக் கீழே வேறு மையில்: அறியாமல் நேர்ந்தது, ஹவில்தாரின் மனைவி தாமே முன்வந்து சரிசெய்தார், மேல் நடவடிக்கை தேவையில்லை. மூன்றாவதாக: தினமும் மாலையில் டிரம்மில் தண்ணீர் மிச்சம் இருந்த வீடு எட்டாம் நம்பர் மட்டும். கீழே முகாம் அதிகாரியின் கையெழுத்து.

அப்பா அதை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். "முப்பது வருஷமா ஃபைல் எழுதுதேன்" என்றார் சுபேதாரிடம். "ஒரு ஆளைப் பத்தி இப்படி ரெண்டு வரி நான் எழுதினதும் இல்ல, எனக்கு எழுதினவனும் இல்ல." கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

எனக்கு அன்று இருந்த பெருமையை நோட்டில் எழுதவில்லை. தண்ணீர்க் கணக்கை மட்டும் எழுதியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டிரம்மில் ஒரு சாண்.

படிவத்தை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுத?"

அம்மா மேஜையிலிருந்த ஸ்டவ்வை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, பர்னரை ஊதிப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய் மதினியின் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு அடைப்புக் குத்துத பின்னு ரெண்டு கூட வாங்கிக் குடுங்க" என்றாள் அப்பாவிடம். "அங்கன கிடைக்குமோ என்னமோ."

அப்பா படிவத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மதினி ஸ்டவ்வைப் பிடித்தபடியே நின்றாள். சமையல்காரர் தோப்பு ஓரம் வரை வந்து, அவளைப் பார்த்து விறைத்து நின்றார். அவள் "விஷ்ராம்" என்று சொன்ன பிறகுதான் காலை அகட்டினார்.

ஜூன் மாதம் ஸ்டவ் ஜபல்பூர் போனது. சங்கரன்கோவில் வீட்டில் புது ஸ்டவ் வாங்கிய ஆடித்தபசுத் திருவிழா வரை விறகடுப்பில்தான் சமையல்.